பாடி வேலை

என் மாணவி ஒருத்தி நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் கல்லூரிக்கு வந்துகொண்டிருந்தாள். சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை, ஊர்ச்சாலை திரும்புகிற இடத்தில் கொட்டிக் கிடந்த ஜல்லியில் சக்கரம் வழுக்கி விழுந்துவிட்டாள். முழங்கையில் சிராய்ப்பு. வண்டியின் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரேக் பிடித்தது, விளக்கு எரிந்தது. முன்பக்க பேனலில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். பக்கத்து மூடியைப் பிடித்திருந்த இரண்டு காதுகள் ஒடிந்து மூடி தொங்கியது. அன்று சாயங்காலம் அவளுடைய அப்பா வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார். முழங்கையைப் பார்க்கவில்லை. சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் பஸ்ஸில் வந்தாள். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தத் திட்டத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன், அதனால் படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் அவள் ஊருக்குள் வருகிற மாலைப் பேருந்து ஒன்றே ஒன்று. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் கடைசி வகுப்பை விட வேண்டும். கடைசி வகுப்பு என்னுடையது. அப்படித்தான் விஷயம் எனக்குத் தெரியவந்தது.

"வண்டி என்னம்மா ஆச்சு?"

"உடஞ்சிருச்சு மேடம்."

"ஓடலையா?"

"ஓடுது மேடம். உடஞ்சிருக்கு."

ஓடுகிற வண்டி எப்படி உடைந்த வண்டி ஆகும் என்பதுதான் என் கேள்வி. அதே வீட்டு வாசலில் அவளுடைய தம்பியின் பைக்கும் நிற்கிறது. பந்தய வண்டி மாதிரி முன்னும் பக்கமும் ஃபேரிங் போர்த்தியது. அதன் இடப்பக்க ஃபேரிங்கில் பாதியைக் காணோம். மீதியைக் கறுப்பு கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறான். தொப்பூர்க் கணவாயில் விழுந்தது என்று பெருமையாகச் சொல்கிறானாம். அவன் சாவியை யாரும் எடுக்கவில்லை. விழுந்து எழுந்தவன் என்று அவனுக்கு வீட்டில் ஒரு மரியாதைகூட வந்திருக்கிறது. ஒரே கூரைக்குக் கீழே ஒரு விரிசல் அனுபவமாகவும் இன்னொரு விரிசல் குற்றத்துக்குச் சாட்சியாகவும் இருக்கின்றன.

இங்கே ஒரு பொறியியல் செய்தியைச் சொல்லியாக வேண்டும். ஸ்கூட்டரின் எடையையும் நம் எடையையும் தாங்குவது உள்ளே இருக்கிற இரும்புச் சட்டம். மேலே போர்த்தியிருக்கிற பேனல்கள் காற்றையும் சேற்றையும் தடுக்கும், ஒயர்களை மறைக்கும், பார்வைக்கு அழகு தரும். அவற்றில் ஒன்று விரிந்தால் வண்டி நிற்காது. ஆனால் பெண் நின்றுவிடுகிறாள். எதையும் தாங்காத ஒரு பொருள் ஒரு பெண்ணின் படிப்பைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்றால், அந்தப் பொருளைப் பற்றிப் பெண்ணியவாதிகளாகிய நாம் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

நாம் தெரிந்துவைத்துக்கொள்ளவில்லை. நானும்தான். சைக்கிளும் ஸ்கூட்டரும் பெண்ணுக்குத் தந்த விடுதலையைப் பற்றி எத்தனை கூட்டங்களில் பேசியிருப்பேன்! புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்ததை ஒவ்வொரு மார்ச் 8லும் சொல்கிறோம். 2018 பிப்ரவரி 24 அன்று தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் தந்தார்கள். ஓட்டத் தெரியுமா என்று உரிமத்தைக் கேட்டார்கள். திறக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. ஓட்டுவதோடு விடுதலை முடிந்துவிட்டதாக நினைத்தோம். வண்டி வாங்கும்போது கூடவே ஒரு சின்ன டூல் பை தருவார்கள். ஸ்குரூ டிரைவரும் ஒன்றிரண்டு ஸ்பேனரும் இருக்கும். இதை வாசிக்கிற தோழிகளில் எத்தனை பேருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும்? எனக்கு என் வண்டியின் டூல் பை ஆறாம் வருடம்தான் கண்ணில் பட்டது. பிரிக்காத பாலித்தீன் உறையோடு இருந்தது.

என் தலைமுறையில் கவிதை எழுத வந்த பெண்கள் உடலைப் பற்றி எழுதினோம். அதற்காக வாங்கிய வசவுகள் கொஞ்சமா! ஒர்க்‌ஷாப்பில் 'பாடி' என்றால் வேறு. "பாடி வேலை இருக்கு மேடம், நாலு நாள் ஆகும்" என்றால் பிளாஸ்டிக் வேலை என்று பொருள். பிளாஸ்டிக் என்றும் சொல்ல மாட்டார்கள், ஃபைபர் என்பார்கள். உள்ளே இருப்பது ஃபைபர் இல்லை என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

என் வண்டியின் பேனல் உடைந்தபோது கொண்டுபோன இடத்தின் பெயர் வேண்டாம். முழு பேனலையும் மாற்ற வேண்டும், பெயின்டும் கூலியும் சேர்த்து 3,400 ரூபாய் ஆகும் என்றார்கள். ஒட்ட முடியாதா என்று கேட்டேன். "சார் நம்பர் கொடுங்க மேடம், நான் பேசிக்கறேன்" என்றார் பணிமனைப் பொறுப்பாளர். வண்டி என் பெயரில் இருக்கிறது. தவணை என் சம்பளத்தில் போகிறது. முனைவர் பட்டம் வாங்கியவள், இருபது வருடமாக நின்றுகொண்டே பேசிப் பிழைக்கிறவள். அந்த ஒரு வரிக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கணவரின் எண்ணைக் கொடுத்தேன். இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் வேறொரு இடத்தில், தகரக் கொட்டகையில் வேலை செய்த பையன். பத்தாவது தாண்டாதவன். "அக்கா, பேனலைத் திருப்பிப் பாருங்க, உள்ளே எழுத்து இருக்கும்" என்றான். இருந்தது. உட்புறத்தில் ஒரு மூலையில், பொடி எழுத்தில் ஏபிஎஸ். இன்னொரு கறுப்புத் துண்டின் பின்னால் பிபி. பெயின்ட் அடித்துப் பளபளக்கிற பாகங்கள் பெரும்பாலும் ஏபிஎஸ். பெயின்ட் இல்லாமல் சொரசொரப்பாக, கறுப்பாக இருப்பவற்றில் பல பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன். எழுத்து அழிந்திருந்தால் ஒரு சில்லை உடைத்துத் தண்ணீரில் போடச் சொன்னான். பிபி மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இது தெரியாமல்தான் எல்லாவற்றுக்கும் ஃபெவிக்விக் வைத்துவிட்டு, மறுவாரம் விட்டுப்போனதும், இதெல்லாம் நமக்கு ஆகாது என்று தலையில் அடித்துக்கொள்கிறோம். அந்தப் பசை காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும், வண்டியின் அதிர்வுக்குத் தாங்காது. பிபியில் அது பிடிக்கவே பிடிக்காது.

ஏபிஎஸ் அசிட்டோனில் கரையும். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் அசிட்டோன்தான், ஆனால் அந்தக் குப்பியில் மற்றவையும் கலந்திருக்கும், சிலவற்றில் அசிட்டோனே இருக்காது. தனி அசிட்டோனாகக் கேட்டு வாங்க வேண்டும். பழைய ஏபிஎஸ் துண்டுகளைப் பொடியாக நறுக்கி, மூடி இறுகுகிற கண்ணாடிக் குப்பியில் போட்டு, மூழ்கும் அளவுக்கு அசிட்டோன் ஊற்றி ஒரு இரவு வைத்தால் மறுநாள் கூழ் பதத்துக்கு வந்திருக்கும். அதுதான் பசை. பேனல் எதனால் ஆனதோ அதே பொருள் விரிசலுக்குள் போய்க் கெட்டியாகிறது. ஒட்டு என்பதைவிட வார்ப்பு என்பதே பொருந்தும். அடுப்பங்கரையில் செய்யக்கூடாது, அசிட்டோன் ஆவி பெட்ரோலைப் போலப் பற்றிக்கொள்ளும். வாசலிலோ மொட்டை மாடியிலோ வைத்துச் செய்ய வேண்டும்.

அதற்கு முன்னால் கழற்ற வேண்டும். எல்லாரும் பயப்படுவது அங்கேதான். தெரிகிற ஸ்குரூக்களைக் கழற்றியும் பேனல் வரவில்லை என்றால் பலத்தைக் காட்டக்கூடாது. மிதியடிக்குக் கீழே, சீட்டுக்கு அடியில் இன்னொரு ஸ்குரூ ஒளிந்திருக்கும். பிறகு லாக்குகள். பழைய பிளாஸ்டிக் ஸ்கேலை இடுக்கில் நுழைத்து, எந்தப் பக்கம் தள்ளினால் விடுகிறது என்று விரலால் கேட்டுக் கேட்டுப் போக வேண்டும். மார்கழிக் காலையில் இந்த வேலை வேண்டாம். குளிரில் பிளாஸ்டிக் விறைத்து, காது ஒடியும். வெயில் ஏறினபிறகு, அல்லது வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டு இளக்கிவிட்டுக் கழற்றலாம். எந்த ஸ்குரூ எந்த ஓட்டையுடையது என்பது மறந்துபோகும். நான் முட்டை அட்டையில் வரிசையாகப் போட்டுவைக்கிறேன். ஒவ்வொரு குழியிலும் ஒரு சீட்டு.

விரிசல் முடிகிற நுனியில் முதலில் ஒரு சிறு துளை போட வேண்டும். பையன் இதைச் சொன்னபோது எனக்கு விளங்கவில்லை. உடைந்ததில் இன்னொரு ஓட்டையா? விரிசலின் கூர்முனையில்தான் இழுவிசை முழுக்கக் குவிகிறது. வட்டத் துளை அதைப் பரப்பிவிடும், விரிசல் அதற்கு மேல் ஓடாது. சுடிதாரின் பக்கவெட்டு முடிகிற இடத்தில் தையல்காரர் குறுக்கே ஓர் இழை அழுத்தித் தைக்கிறாரே, அதே காரணம்தான். பிறகு பேனலின் உட்புறத்தில் விரிசல் நெடுகிலும் கத்திமுனையால் ஒரு பள்ளம் கீறி, வெளிப்புறம் டேப் ஒட்டி, உள்ளிருந்து கூழை அடுக்கடுக்காகப் பூச வேண்டும். ஒரு நாள் காயவிட வேண்டும். அழுத்தம் வருகிற இடமென்றால் டீ வடிகட்டியின் எவர்சில்வர் வலையில் ஒரு துண்டு வெட்டி, சால்டரிங் அயர்னால் சூடுகாட்டி உள்ளே அழுத்திவிட்டு அதன்மேல் பூசலாம். பிபிக்கு அசிட்டோனால் பயனில்லை. அதற்குச் சூடு மட்டும்தான். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று அச்சிட்ட பழைய டப்பாவின் மூடியைக் கீற்றாக வெட்டி, அயர்னால் உருக்கி இழைத்துவிட வேண்டும். புகையை மூக்கில் வாங்காமல் காற்று வீசும் பக்கமாக உட்கார்ந்துகொள்ள வேண்டும். உப்புத்தாள் 400, பிறகு 800, பிறகு 1500, தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். பிரேக்கிலும் முன்பக்க ஃபோர்க்கிலும் நான் கைவைப்பதில்லை. சக்கரத்தை ஒட்டி இருக்கிற மட்கார்டு பிளந்திருந்தால் ஒட்டாமல் மாற்றிவிடச் சொல்வேன். ஓடும்போது கழன்று சக்கரத்தில் சிக்கினால் ஆபத்து.

எனக்கு மொத்தச் செலவு 300 ரூபாய்க்குள் முடிந்தது. நிறம் சேரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

இவ்வளவையும் கேட்ட என் சக ஆசிரியை ஒருவர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். சமையல், துவையல், பிள்ளை, மாமியார் என்று ஏற்கெனவே முதுகொடிகிற பெண்ணுக்கு இது இன்னொரு சம்பளமில்லா வேலையா? நான் இரண்டு நாள் யோசித்தேன். பழுதுபார்ப்பது நமக்குப் புதிது இல்லை. கிழிந்ததைத் தைக்கிறோம், குக்கர் கேஸ்கட்டை மாற்றுகிறோம், மிக்சி ஜாரின் அடியில் கசிந்தால் வாஷரைத் திருப்பிப் போடுகிறோம். இவற்றைப் பழுதுபார்த்தல் என்று யாரும் அழைப்பதில்லை, வீட்டு வேலை என்கிறார்கள். வாசலுக்கு வெளியே கொண்டுபோகிற பொருளைச் சரிசெய்வது மட்டும் தொழில்நுட்பம் ஆகிவிடுகிறது, ஆணிடம் போய்விடுகிறது. எந்தப் பழுதோடு சாவியும் கைமாறுகிறதோ அந்தப் பழுது நம்மிடம் தரப்படுவதில்லை. நான் கேட்பது கூடுதல் வேலையை இல்லை, சாவியை.

உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் மகிளா சமாக்யா திட்டத்தின் வழியாக, பெரும்பாலும் எழுதப்படிக்கத் தெரியாத, தலித் பெண்கள் அடிபம்பு மெக்கானிக்குகளாகப் பயிற்சி பெற்றார்கள். 1990களின் கதை அது. தண்ணீர் சுமப்பது பெண் வேலை, பம்பைத் திறப்பது ஆண் வேலை என்று இருந்த ஊர்களில் அந்தப் பெண்கள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். நான் எட்டாண்டு ஆராய்ச்சி செய்து வாங்கிய பட்டத்தோடு அந்த வரிசையில் நின்றால் எங்கே நிற்பேன் என்று எனக்குத் தெரியும்.

இதில் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கையில் கிரீஸ் படக்கூடாது என்று என்னை வளர்த்தது பெண்மை மட்டும் இல்லை, சாதியும்தான். எங்கள் வீட்டில் ஆண்களும் அழுக்கு வேலையைத் தொடமாட்டார்கள். கூப்பிட்டு அனுப்பினால் ஒருவர் வருவார், அவருக்குத் தனி டம்ளர் இருந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். கொட்டகைப் பையன் எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது அவனுடைய நேரத்துக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று மூன்றாம் நாள்தான் எனக்குத் தோன்றியது. 'தம்பி' என்று அழைத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். மெக்கானிக்குகளின் பிழைப்பில் மண் போடுவது என் நோக்கம் இல்லை. 3,400 ரூபாயில் அந்தப் பையனுக்கு எவ்வளவு போகும் என்று கேட்டுப் பாருங்கள்.

பெண் விரல்களுக்கு இந்த வேலை வராது என்று சொல்கிறவர்களை ஓசூருக்கு அனுப்ப வேண்டும். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும் வரை ஓசூர் எங்கள் தருமபுரி மாவட்டம்தான். டிவிஎஸ் 50 அங்கிருந்து 1980இல் வந்தது. அந்த வண்டிக்கு மறைப்பு அதிகம் கிடையாது, அதன் எலும்பையெல்லாம் சாலையில் போகிறவர்கள் பார்க்கலாம். 1990களில் பெண்களுக்கென்று ஸ்கூட்டி வந்தபோது மூடிக்கொண்டு வந்தது. எஞ்சினை மூடுகிற யோசனை பெண்ணுக்காகப் பிறந்தது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் 1946இல் வந்த வெஸ்பாவே உடையில் எண்ணெய் படாமலிருக்க உடம்பு முழுக்கத் தகடு போர்த்தியது. ஆனால் நமக்கு விற்றபோது மூடியைத்தான் விற்றார்கள், நிறம் நிறமாக. இன்று அந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். போச்சம்பள்ளி அருகே ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலையைப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021இல் அறிவித்தார்கள். விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் வந்து பாலக்கோட்டிலும் காரிமங்கலத்திலும் பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. பொறுமையான விரல்கள் என்று சொல்லித்தான் வேலைக்கு எடுக்கிறார்கள். மாதச் சம்பளத்துக்குப் பேனலைப் பொருத்தலாம். சொந்த வாசலில் அதே பேனலைக் கழற்றினால், "பொம்பள கைய வச்சா வண்டி உருப்படுமா?"

ஆயுத பூஜைக்கு மட்டும் கைவைக்கலாம். முதல் நாள் கழுவித் துடைப்பது நாம். விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம், ஹேண்டில்பாரில் மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் எல்லாம் நம் கை. ஸ்பேனருக்கும் பொட்டு வைப்போம், தட்டில் அடுக்கிக் கற்பூரம் காட்டுவோம். மறுநாள் அது அவர்கள் பெட்டிக்குப் போய்விடும்.

எங்கள் ஊர் தகடூர். அதியமானின் ஊர், ஔவை இருந்த ஊர். புறநானூற்றின் 95ஆம் பாட்டை ஒவ்வொரு வருடமும் பாடம் நடத்துகிறேன். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஔவை தூது போகிறாள். அவன் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். மயில் பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவலுள்ள பெரிய மாளிகையில் பளபளவென்று அடுக்கியிருக்கிறது. ஔவை பார்த்துவிட்டுச் சொல்கிறாள்: உன்னுடையவை இப்படி இருக்கின்றன, எங்களவனுடையவை பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சின்னக் கொட்டகையில் கிடக்கின்றன. இதை வஞ்சப்புகழ்ச்சி என்று தேர்வுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விடுவேன். உடைந்தது உழைத்ததற்குச் சாட்சி என்று ஒரு பெண் பழுதுக் கொட்டகையைக் காட்டி வாதாடியிருக்கிறாள் என்பது எனக்கு இருபது வருடமாகக் கண்ணில் படவில்லை. கொல்லன் கொட்டகையில் என்ன கிடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எட்டிப்பார்க்காமல் எப்படித் தெரியும்? அவள் ஊரில் அவளுடைய பேத்திகள் ஒர்க்‌ஷாப்பில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, செல்போனைப் பார்த்துக்கொண்டு, 'சார்' வரட்டும் என்று காத்திருக்கிறோம்.

மாணவியின் வண்டிக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை அவளும் அவளுடைய தோழியும் முன்பக்க பேனலைத் தனியாகக் கழற்றி, சாக்குப்பையில் சுற்றி, பஸ்ஸில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சாவி இல்லாமல் செய்ய முடிகிற வேலை அது. ஸ்குரூ டிரைவர் தம்பியுடையது, அவனுக்குத் தெரியாமல் எடுத்தது. திண்ணையில் உட்கார்ந்தோம். துளை போட்டது அவள்தான். "வெளியில தெரியாம பண்ணிடலாமா மேடம்?" என்றாள். ஏன் தெரியக்கூடாது என்று ஒரு சொற்பொழிவு என் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். என் வண்டியின் தழும்பை நான் காட்டிக்கொண்டு திரியலாம், என்னிடமிருந்து சாவியைப் பிடுங்க ஆளில்லை. அவளுக்கு அது தெரியாமல் இருந்தாக வேண்டும். அன்று மாலை வரை உப்புத்தாள் தேய்த்தோம். மறுவாரம் பெயின்ட் ஸ்ப்ரே அடித்தோம். வெயிலில் நின்று உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும்.

அவளுடைய அப்பா உற்றுப் பார்த்தார். பேனலுக்குப் பின்னால் விரலைவிட்டுத் தடவி, வலையின் மேட்டைக் கண்டுபிடித்து, "எங்க குடுத்து ஒட்டின?" என்று கேட்டிருக்கிறார். "நான்தாம்ப்பா ஒட்டினேன்" என்றிருக்கிறாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாவியையும் தரவில்லை. இரண்டு நாள் கழித்துத் தன்னுடைய பழைய பைக்கின் ஹெட்லைட் டூமைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஓரம் பிளந்தது, ஒரு பக்கக் காது இல்லாதது. வாயைத் திறந்து கேட்கவில்லை.

அவள் அதைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். ஏபிஎஸ்தான். அசிட்டோன் என்னிடம் மிச்சமிருக்கிறதா என்று போன வாரம் வந்து கேட்டாள். குப்பியை எடுத்துக் கொடுத்தேன். "உடனே ஒட்டிக் கொடுத்துடாத" என்றேன்.

"இல்ல மேடம், அம்மாகிட்ட சொல்லி அனுப்பிட்டேன். டூம் வேணும்னா சாவி வேணும்னு."